கடற்கரையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்: பள்ளிச் சுற்றுலாப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், சுற்றுலாப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நம் பள்ளிகளில் ஒருநாள் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுப்பதும் பணம் கட்டுவதும் தொடங்கிவிடும். பெற்றோருக்கு வரும் சுற்றறிக்கையில் பெரும்பாலும் ஒரே வரிசைதான் இருக்கும்: வண்டலூர் உயிரியல் பூங்கா, வடநெம்மேலி முதலைப் பண்ணை, மாமல்லபுரம், கடைசியாகக் கடற்கரை. எந்தக் கடற்கரை, எத்தனை மணிக்கு, பிள்ளைகள் தண்ணீரில் கால் வைக்கலாமா கூடாதா என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. மற்ற இடங்களுக்கு நுழைவுச் சீட்டு உண்டு, திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உண்டு, செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கு விடுமுறை என்ற கணக்கும் உண்டு. கடலுக்குக் கதவும் இல்லை, சீட்டும் இல்லை என்பதால், நாள் முழுவதும் சுற்றிக் களைத்த பிறகு மிஞ்சுகிற அரைமணி நேரத்தை அதற்கு ஒதுக்கிவிடுகிறோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு பெற்றோர் என்ற முறையில் தங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். கடற்கரையை முதலில் தேர்ந்தெடுங்கள். காலையிலேயே அங்கு போய்ச் சேருங்கள். மற்ற இடங்களில் எது அதனோடு ஒத்துவருமோ அதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு நம் பகுதிப் பள்ளி ஒன்றின் பேருந்து கடற்கரையை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. டிசம்பரில் சென்னைப் பக்கம் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதுவும் கிழக்குக் கடற்கரையில் அது நிலத்தின் பக்கம் மறைவதால், கடல்தான் முதலில் கறுக்கும். பேருந்தின் படியிலிருந்து குதித்த பிள்ளைகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலையை நோக்கி ஓட, பின்னால் ஓடிய ஆசிரியர்கள் கைப்பேசி வெளிச்சத்தில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நல்ல வேளையாக எல்லாரும் ஊர் திரும்பினார்கள். ஆனால் கருநீலச் சீருடை அணிந்த பிள்ளைகளை இருட்டில் கடலோரத்தில் எண்ணுவது எப்படிப்பட்ட வேலை என்பதை அந்த ஆசிரியர்களைக் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

நம் பிள்ளைகளுக்கு மணல் புதிதல்ல. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள் அவர்கள். தண்ணீர்தான் புதிது. 2021 நவம்பரில் ஆறு இருகரையும் தொட்டு ஓடியபோது அதைப் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தவர்களே பலர். நீந்தத் தெரிந்தவர்கள் வகுப்புக்கு ஒருசிலர் இருப்பார்கள். அவர்களும் கழனிக் கிணற்றில் கற்றவர்கள். கிணற்று நீர் ஆளை இழுக்காது, திரும்பி வந்து அடிக்காது. என் அனுபவத்தில், ஒன்றும் தெரியாத பிள்ளை கரையில் தயங்கி நிற்கும். கிணற்றில் குதித்துப் பழகிய பிள்ளைதான் இடுப்பளவு ஆழத்துக்கு முதலில் போகும். கண்காணிப்பு முதலில் தேவைப்படுவது அந்தப் பிள்ளைக்கு.

இனி இடத்தைப் பற்றி. வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் உள்ள மெரினாவை யாரும் விட்டுவிடுவதில்லை. பார்ப்பதற்கு மெரினா அழகு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த மணல்பரப்பு சராசரியாக 300 மீட்டர் அகலம் என்று சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணல் அங்கே தடைபட்டுச் சேர்ந்து சேர்ந்துதான் கரை இவ்வளவு அகலமானது. அதே காரணத்தால் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் பக்கத்தில் கடல் கரையை அரித்தது. ஒரு சுற்றுலாப் பொறுப்பாளருக்கு இந்த அகலத்தின் பொருள் வேறு. பேருந்து நிற்கும் சாலையிலிருந்து அலை தெரியாது, அலையோரத்தில் நிற்கும் பிள்ளைக்குக் கழிப்பறை எட்டாது, மயங்கி விழுந்த பிள்ளையைச் சூடேறிய மணலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மேலும், மெரினாவில் கரை சட்டென்று சரிந்து ஆழமாகிறது. கடலில் இறங்கிக் குளிப்பதைக் காவல்துறை தடுப்பது அதனால்தான். காணும் பொங்கலன்று தடுப்புக் கட்டைகளே போட்டுவிடுவார்கள். எனவே மெரினாவுக்குத்தான் போகிறீர்கள் என்றால், 'கடலைப் பார்க்க மட்டும்' என்று பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். அலையைக் காட்டிவிட்டு அங்கே போய் 'இறங்காதே' என்று விசில் ஊதுவது யாருக்கும் மகிழ்ச்சி தராது.

(இன்னொன்று: செலவைக் குறைக்க வேலூர் கண்டோன்மென்ட்டிலிருந்து ரயிலில் அழைத்துப்போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ரயில் போய் நிற்கும் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரே இருப்பது துறைமுகம். மணலைக் காண அங்கிருந்து இன்னும் போக வேண்டும்.)

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை கூட்டம் குறைந்தது, சுத்தமானது என்பதால் சிலர் அதை விரும்புகிறார்கள். அங்கே மணலில் நிற்கும் வெள்ளை வளைவின் முன்னால் நம் பிள்ளைகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது 1930 டிசம்பர் 30 அன்று, அலையில் சிக்கிய மற்றவர்களைக் காப்பாற்றப் போய்த் தாமே மூழ்கி இறந்த ஷ்மிட் என்பவரின் நினைவுச் சின்னம். அதை விளக்கிச் சொல்ல ஓர் ஆசிரியர் இரண்டு நிமிடம் செலவழித்தால், எந்த எச்சரிக்கைப் பலகையும் செய்யாத வேலையை அது செய்யும்.

மாமல்லபுரத்தில் சிற்பங்களைப் பாருங்கள். கடற்கரைக் கோயிலை ஒட்டிய தண்ணீரில் மட்டும் இறங்க விடாதீர்கள். கோயிலைக் கடலரிப்பிலிருந்து காக்கப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். பாறை இருக்கும் இடத்தில் அலை ஒரு சீராக வராது. சுழித்துப் பக்கவாட்டில் இழுக்கும், வழுக்கவும் செய்யும். பழவேற்காட்டுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நினைவூட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

புதுச்சேரியைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நகரின் நடுவே காந்தி சிலை இருக்கும் கடற்கரைக்குப் போனால் பெரும்பாலும் கருங்கற்களைத்தான் காண்பீர்கள். 1989ஆம் ஆண்டு வாக்கில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத் தடுப்புச் சுவர் கட்டிய பின், வடக்கே இருந்த மணலைக் கடல் தின்றுவிட்டது. கற்களைக் கொட்டித்தான் ஊரைக் காத்தார்கள். பிறகு கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டு, 2018 முதல் தலைமைச் செயலகத்தின் எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. மாலை நடைக்கு நல்ல இடம். பள்ளிப் பிள்ளைகள் விளையாடுவதற்கு அல்ல. நகருக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரை வேறு வகை. திருவண்ணாமலைப் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சென்னையை விட அது கிட்டவும்கூட.

வேலூர், இராணிப்பேட்டைப் பள்ளிகளுக்கு நான் பரிந்துரைப்பது சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள கோவளம். ஈடனும் கோவளமும் 2021 செப்டம்பரில் நீலக்கொடிச் சான்று பெற்றவை. டென்மார்க்கில் இயங்கும் ஒரு சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை, தண்ணீரின் தூய்மை, பாதுகாப்பு, கழிப்பறை வசதி உள்ளிட்ட 33 அளவுகோல்களைப் பார்த்து அந்தச் சான்றைத் தருகிறது. குளிக்கும் எல்லை குறிக்கப்பட்டிருப்பது, உயிர்காப்பாளர் இருப்பது, உடை மாற்ற அறை இருப்பது ஆகிய மூன்றுமே நமக்கு வேண்டியவை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருப்போரூர் வழியாகப் போனால் சென்னை நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். அதிகாலை நான்கரைக்குப் புறப்பட்டால், வழியில் இட்லி சாப்பிட நின்றும் எட்டரை மணிவாக்கில் மணலில் இருக்கலாம். ஆனால் சான்று அந்தக் குறிக்கப்பட்ட பகுதிக்கு மட்டுமே. நூறடி தள்ளி மீனவர் குப்பத்தில் வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும் இருக்கும். அது அவர்களுடைய வேலையிடம். திருப்பத்தூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளிப் பள்ளிகள் இதை ஒரே நாளில் முடிக்க நினைப்பது பிள்ளைகளைப் பேருந்திலேயே வாட்டுவதாகும். ஓரிரவு தங்கும்படி திட்டமிடுவதுதான் நியாயம்.

உடை மாற்றும் அறையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பள்ளிச் சுற்றுலாக்களில் பையன்கள் அலையில் ஆட, பெண்பிள்ளைகள் பைகளுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. நனைந்த சுடிதாரோடு நான்கு மணி நேரம் பேருந்தில் எப்படி உட்காருவது என்பதே அவர்களுடைய தயக்கம். வசதி இல்லாத கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும்போதே, பணம் கட்டிய பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கடல் கிடையாது என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். துப்பட்டா வேண்டாம், மாற்றுடை ஒன்று கட்டாயம், தண்ணீரில் இறங்கும் எல்லாரும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறச் சட்டை அணிய வேண்டும் என்று சுற்றறிக்கையிலேயே எழுதிவிடலாம்.

எந்தக் கடற்கரையானாலும் பொறுப்பாசிரியர் ஒருவர் ஒருநாள் முன்னதாக நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. அலை நனைக்கும் இடத்தில் ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள். வீடு கட்ட வாங்கும் பாலாற்று மணலைப் போலப் பருபருவென்று இருந்து, கையைத் திறந்ததும் உதிர்ந்துவிட்டால், அந்தக் கரை பெரும்பாலும் செங்குத்தாக இருக்கும். அலை காலடியிலேயே உடைந்து விழும், திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணலைக் கரைத்து ஆளைச் சாய்க்கும். மாவாக ஒட்டிக்கொண்டால் கரை படிப்படியாகச் சரியும்; அலை தொலைவிலேயே உடைந்து, தணிந்து வந்துசேரும். அடுத்து, சற்று மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் அலைகளைப் பாருங்கள். வெள்ளை நுரை வரிசையாக வரும்போது நடுவில் ஓரிடம் மட்டும் நுரையின்றி, கலங்கலாக அமைதியாகத் தெரிந்தால், அங்கே பிள்ளைகளை விடாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் கடலுக்குத் திரும்பி ஓடுகிறது. பார்வைக்கு அதுதான் பாதுகாப்பான இடமாகத் தோன்றும் என்பதால், புதிதாக வருபவர்கள் நேராக அதில்தான் இறங்குகிறார்கள். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பு விட்டுவிடும். இதை மாணவர்களுக்கு வகுப்பறைக் கரும்பலகையில் படம் போட்டே விளக்கலாம்.

நாள் குறிப்பதிலும் ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழையின் டிசம்பர், சோழமண்டலக் கரைக்குக் கொந்தளிப்பான மாதம். அதில்தான் நாம் அதிகம் போகிறோம். பிப்ரவரியில் கடல் தணிந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. பொதுத்தேர்வு இல்லாத ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு அந்த மாதம் பொருந்தும். எந்த மாதமானாலும், கடல் கொந்தளிப்பு பற்றி ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல் தகவல் சேவை) மையம் வெளியிடும் எச்சரிக்கையைப் புறப்படும் முன்பு பார்த்துவிடுங்கள். உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தொலைதூரக் கடலில் எழுந்த அலை திடீரென்று கரையேறுவதுண்டு. கேரளக் கரையில் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தது அப்படி ஓர் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான்.

அடுத்த சுற்றுலாவுக்கான பெற்றோர் இசைவுப் படிவத்தில் நான்கு விவரங்களை அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: கடற்கரையின் பெயர், சென்றுசேரும் நேரம், தண்ணீரில் இறங்க அனுமதி உண்டா இல்லையா, உண்டென்றால் எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் தண்ணீரோரம் நிற்பார் என்பது. அனுமதி உண்டென்றால் முழங்கால் ஆழத்துக்கு மேல் வேண்டாம். முன்கூட்டியே இடத்தைப் பார்த்துவர எங்கள் குழுவிலிருந்து இருவர் சொந்தச் செலவில் உடன்வரத் தயாராக இருக்கிறோம். ஜனவரி மாதக் குழுக் கூட்டத்துக்கு முன்பு தெரிவித்தால், அதற்கேற்ப நாளை ஒதுக்கிக்கொள்வோம்.

தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
வேலூர்.