விடுதியை இடிக்கும் முன்: சஸ்காச்சுவான் சிற்றூர் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துச் சிற்றூர் மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஊர் ரயில்வே அவென்யூவில், பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறதே, அந்த மரக்கட்டட விடுதி, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பல ஊர்களில் அது எப்போதோ தீக்கிரையாகிவிட்டது. இன்னும் சில ஊர்களில் ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, இடிப்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். செலவும் வரவும் உங்களுக்குத் தெரியும், அதில் நான் தலையிடவில்லை. இடித்தாலும் காத்தாலும் அதன் கதையை எழுதத்தான் போகிறீர்கள். அதை அரைகுறையாக எழுதிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரயில் பாதை வந்தது. எட்டு பத்து மைலுக்கு ஓர் ஊர் முளைத்தது. கோதுமையை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, விவசாயி பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற கணக்கு அது. தானியக் கிடங்கு எழும்பிய கையோடு விடுதியும் எழும்பியது. நிலம் தேடி வந்தவர்கள் தங்கினார்கள். ரயிலில் வந்திறங்கிய விற்பனைப் பிரதிநிதிகள் பெட்டிகளைத் திறந்து, கடைக்காரர்களுக்குச் சரக்கைப் பரப்பிக் காட்டவே விடுதியில் தனி அறை இருந்தது. ஆனால் அறை வாடகையை மட்டும் நம்பிப் பிழைத்த விடுதிகள் குறைவு. மதுக்கூடம்தான் சோறு போட்டது. 1903-ல் மானிடோபாவின் எமர்சன் ஊரில் ஒரு விடுதியை வாங்கி, பிறகு இங்கே யார்க்டனிலும் விடுதி நடத்திய பிரான்ஃப்மன் குடும்பம்தான் பின்னாளில் சீக்ராம் மது நிறுவனத்துக்கே உரிமையாளரானது.

1915 ஜூலை 1 அன்று மாகாணம் முழுவதும் மதுக்கூடங்களை மூடியதும் விடுதிகளின் முதுகெலும்பு முறிந்தது. 1925-ல் அரசு மதுக்கடைகள் திறந்தன. ஆனாலும் கோப்பையில் ஊற்றிக் கொடுக்க அனுமதி இல்லை. பக்கத்து அல்பர்ட்டா 1924-லேயே அனுமதித்ததை இங்கே 1934-ல் வாக்கெடுப்பு நடத்தித்தான் ஏற்றார்கள். 1935-ல் விடுதிக்குள் பீர் ஊற்றிக் கொடுக்கும் அறையான பீர் பார்லர் வந்தது. வறட்சியும் பொருளாதார மந்தமும் ஊரையே உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. சாகக் கிடந்த விடுதிகளுக்கு அந்த ஓர் அறைதான் உயிர் கொடுத்தது.

அந்த அறைக்குள் கொஞ்சம் நில்லுங்கள். துவாலைத் துணி போர்த்திய சிறு மேசைகள், மேசைமேல் உப்புக் குப்பி, தட்டு நிறையக் கோப்பைகளோடு சுற்றிவரும் பரிமாறுபவர். பீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் குடிப்பது அந்தக் காலத்து வழக்கம். நின்று குடிக்கக் கூடாது. பாட்டுக் கூடாது, சூதாட்டம் கூடாது. பல மாகாணங்களில், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தன் கோப்பையைத் தானே எடுத்துப் போகக்கூட முடியாது. பரிமாறுபவர்தான் எடுத்துவர வேண்டும். குடி வேண்டும், ஆனால் குடியில் மகிழ்ச்சி இருக்கக் கூடாது என்று அரசு நினைத்தது போலிருக்கிறது. அப்படியும் மழை, விதைப்பு, கோதுமை விலை, தேர்தல் எல்லாம் பேசித் தீர்க்கப்பட்டது அங்கேதான். இதை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஆசையோடு சொல்வார்கள். அந்த ஆசையில் பொய் இல்லை.

ஆனால் உள்ளே இருந்தவர்கள் சொன்ன கதை அது. வெளியே நின்றவர்களுக்கும் ஒரு கதை உண்டு. ஏறக்குறைய 25 ஆண்டுகள் இந்த மாகாணத்தின் பீர் பார்லருக்குள் பெண்களுக்கு இடமில்லை. சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு ஊருக்கு வந்து, கணவர் உள்ளே போனபின் குழந்தைகளோடு வண்டியில் காத்திருந்த பெண்களின் குரல் உங்கள் ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் எத்தனை பக்கம்?

பூர்வகுடி மக்களுக்கு அந்தத் தடையைப் போட்டது நாட்டின் சட்டமே, அவர்களுக்கென்றே தனியாக இயற்றிய ‘இந்தியர் சட்டம்’. கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் உள்ள யெல்லோநைஃப் நகரில் ஓல்டு ஸ்டோப் ஹோட்டலில் 1967 ஏப்ரலில் ஜோசப் டிரைபோன்ஸ் என்ற பூர்வகுடி மனிதர் போதையில் இருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். அபராதம் 10 டாலர். அதே இடத்தில் அதே நிலையில் ஒரு வெள்ளையர் இருந்திருந்தால் அந்தச் சட்டம் அவரைத் தொட்டிருக்காது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கனடிய உரிமைச் சாசனச் சட்டத்தின்முன் அந்தப் பிரிவு செல்லாது என்று 1969 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. இந்த நாட்டின் சமத்துவ உரிமை வரலாற்றில் ஒரு முக்கியமான தீர்ப்பு, ஒரு விடுதியிலிருந்து புறப்பட்டது. நம் விடுதிகளை வெறும் பழைய கட்டடம் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் தமிழர்களாகிய நாங்கள். யார் எந்த வாசல் வழியே வரலாம், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றி எழுதாத ஊர் வரலாறு எங்கள் கண்ணுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. அன்று கோப்பை ஏந்தியவர்கள் பலரும் நல்ல மனிதர்கள்தான், அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் எங்களுக்கு முதல் குளிர்காலத்தில் கதவைத் திறந்தார்கள்.

1980-ஆம் ஆண்டின் மரபுச் சொத்துச் சட்டப்படி ஒரு கட்டடத்தை மரபுச் சொத்தாக அறிவிக்க உங்கள் மன்றத்துக்கே அதிகாரம் இருக்கிறது. முடிந்தால் அறிவியுங்கள். முடியாவிட்டால், இடிக்கும் இயந்திரம் வருவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படம் பிடியுங்கள். விருந்தினர் பதிவேடு, உரிமக் கடிதங்கள், கணக்குப் புத்தகம் எது கிடைத்தாலும் மாகாண ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். எண்பதைத் தாண்டிய பெண்களிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யுங்கள், இன்றே தொடங்குங்கள். பக்கத்துப் பூர்வகுடிக் குடியிருப்பின் மூத்தவர்களை மன்றக் கூட்டத்துக்கு அழைத்து, அந்த விடுதியைப் பற்றி அவர்கள் வீடுகளில் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். பிறகு பெயர்ப்பலகை எழுதும்போது, 1935-ல் பீர் பார்லர் திறந்தது என்ற வரிக்குக் கீழே, அங்கே யாரெல்லாம் நுழைய முடியவில்லை, எந்த ஆண்டு வரை என்பதையும் அதே அளவு எழுத்தில் பொறியுங்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்புடன்,
பிரெய்ரிப் புல்வெளி மண்ணில் வாழும் ஒரு தமிழர்