கைப்பிடி அரிசி கேட்டு வந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனியாக வாழும் முதியோரைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். டாக்டர் சொன்னது, அதிகாரி சொன்னது, 14567 என்ற முதியோர் உதவி எண் எல்லாம் போட்டிருந்தீர்கள். உபயோகமான கட்டுரைதான். ஆனால் மனசு விழுந்து கிடக்கிறவன் போனை எடுத்து எண்ணை அழுத்த மாட்டான். அழுத்துகிற தெம்பு வந்துவிட்டால் அவனுக்குப் பாதி சுகம் ஆகிவிட்டது என்று அர்த்தம். யாராவது வாசலில் வந்து நிற்க வேண்டும். எங்கள் பக்கம் அப்படி வந்து நிற்கிறவர்கள் யார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கட்டுரையில் கோயில், பள்ளிவாசல், சர்ச் எதுவுமே வரவில்லை. மதத்தைத் தொட்டால் வம்பு என்று விட்டிருப்பீர்கள். என்னால் அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. எனக்கு நடந்தது எல்லாம் அதற்குள்தான் நடந்தது.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை என்று தேரி ஓரத்து ஊர்களிலேயே காலம் போயிற்று. செம்மண், பனை, உடைமரம், அதற்கு நடுவே ஊருக்கு ஊர் ஒரு கோயில் கோபுரம். (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்.) 1799-ல் உண்டான முதலூர்தான் எங்கள் பக்கத்தின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு. மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி. ஸ்டாப் வருவதற்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடும். தூங்குகிற பாட்டிமாரை அதைப் பார்த்துத்தான் எழுப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஆராதனைக்குப் போனதைவிட, போகிறவர்களை ஏற்றி இறக்கியதுதான் அதிகம். பக்தி என் வீட்டுக்காரியின் இலாகா.

அந்த இலாகாவில் ஒரு பழைய பிஸ்கட் டின்னும் சேர்த்தி. உலையில் போட அரிசி அளந்ததும், கழுவுவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி டின்னில் போடுவாள். கைப்பிடி அரிசி. நெல்லைச் சபைகளில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் எத்தனை தலை இருந்தாலும், கையில் காசு இல்லாத நாளானாலும், அந்த ஒரு பிடி ஆண்டவருடைய பங்கு. மாதம் ஒருமுறை பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சாக்கும் நோட்டுமாக வந்து வாங்கிப் போவார்கள். விற்ற காசு மிஷனரி ஊழியத்துக்கும் ஊரில் முடியாதவர்களுக்கும் போகும். மிசோரம் மாநிலத்துச் சபைகளிலும் இதே வழக்கம் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது.

சில்லறையைச் சேர்த்தே பெரிய காரியம் பண்ணியவர்கள் எங்கள் ஜனங்கள். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளைக்காரர். 1912-ல் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார். வெள்ளாளன்விளைக்கு எத்தனையோ தடவை டிக்கெட் கிழித்திருக்கிறேன். அப்போதெல்லாம் நினைப்பு சில்லறையில்தான் இருக்கும்.

வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள். முதலில் சர்க்கரை, பிறகு கிட்னி. நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அடக்க ஆராதனைக்கு ஊரே வந்தது. துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை: "நல்ல பூவைத்தான் தோட்டக்காரர் முதலில் பறிப்பார்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கேட்கிறவனுக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றும். மகன் மஸ்கட்டுக்கும் மகள் சென்னைக்கும் திரும்பினார்கள். திரும்பத்தானே வேண்டும்.

அதற்கப்புறம் வெளியே பார்க்கிறவர்களுக்கு நான் நன்றாகத்தான் இருந்தேன். பென்ஷன் வந்தது. காலையில் கடை இட்லி, ராத்திரிக்குப் பரோட்டா, சில நாள் அதுவும் கிடையாது. டிவி ஓடிக்கொண்டே இருக்கும், என்ன ஓடுகிறது என்று தெரியாது. கோயில் மணி அடித்தால் புரண்டு படுப்பேன். ஆண்டவர் மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோபப்படவும் உள்ளே ஆள் இருக்க வேண்டுமே. தூக்கத்துக்கும் மனசுக்கும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் அவிசுவாசம் என்றார். எங்கள் ஐயர் (குருவானவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அதைக் கேள்விப்பட்டு அன்று சாயந்திரமே வந்துவிட்டார். "சுவிசேஷம் எழுதின லூக்கா யாரு? வைத்தியர்தானே? ஒழுங்கா மாத்திரையப் போடுங்க" என்று சொல்லி, காபிகூடக் குடிக்காமல் போனார். நான் கேட்ட பிரசங்கங்களில் அதுதான் சின்னது, அதுதான் நல்லதும்.

ஒரு மாதக் கடைசியில் சங்கத்துப் பெண்கள் வந்தார்கள். ஆறுதல் சொல்ல வரவில்லை. அரிசி கேட்டு வந்தார்கள்.

"அண்ணாச்சி, மதினி டின் எங்க இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுப்படி மேல்தட்டில், உப்பு ஜாடிக்குப் பின்னால். திறந்தால் கால் டின் அரிசி, அதில் கறுப்பு கறுப்பாக வண்டு. அவள் கடைசியாகப் போட்ட பிடியும் அதற்குள்தான் இருந்திருக்கும். கொட்டிவிடுங்கள் என்றேன். வந்தவர்களில் மூத்த அம்மா ஒருத்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. புறவாசல் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, சுளகை எடுத்து வரச் சொல்லிப் புடைக்க ஆரம்பித்தாள். வண்டு பறக்கப் பறக்கப் புடைத்து, கல் பொறுக்கி, வெயிலில் வேட்டியை விரித்துப் பரப்பினாள். கோழி வந்தால் விரட்டு என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அரிசி காயும்வரை நான் கோழி விரட்டினேன். போகும்போது நோட்டில் என் வீட்டுக்காரி பெயருக்கு நேரே அளவை எழுதச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "அடுத்த மாசமும் வருவோம் தம்பி. கடையில வாங்கி மொத்தமா தந்துராத. உலைக்கு அளக்கும்போது எடுத்த அரிசிதான் வேணும்" என்றாள்.

கெட்டிக்காரி. உலைக்கு அளந்த அரிசி வேண்டுமென்றால் உலை வைக்க வேண்டும். உலை வைத்தால் குழம்புக்கு என்ன செய்வது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும், போனால் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள், பேசுகிற முகத்தில் தாடியோடு எத்தனை நாள் நிற்பது? முதலில் வடித்த சோறு கஞ்சியாகப் போயிற்று. குடித்துக்கொண்டேன். டின்னில் ஒரு பிடி விழுந்துவிட்டது, அது போதும்.

எலியாவின் கதை பைபிளில் இராஜாக்கள் புத்தகத்தில் இருக்கிறது. பெரிய தீர்க்கதரிசி. வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர். அவரே ஒருநாள் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிப் படுத்துவிடுகிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொள்கிறார். அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடு. நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆண்டவர் வேலையைச் சொல்கிறார்: போய் ஆசகேலை அபிஷேகம் பண்ணு, யெகூவை அபிஷேகம் பண்ணு, எலிசாவை அபிஷேகம் பண்ணு. முதலில் சோறு, அப்புறம் வேலை. எங்கள் ஊர்ப் பெண்கள் எனக்கு இரண்டையும் ஒரே டின்னில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த வருஷக் கடைசி இரவு ஆராதனைக்குப் போனேன். வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு பைபிள் வசனம் போட்ட அட்டை) எடுத்தபோது எனக்கு வந்தது புலம்பல் புத்தகம் மூன்றாம் அதிகாரம்: "அவைகள் காலைதோறும் புதியவைகள்." காலண்டரில் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிப்போன வசனம். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். "சிறுமையைக் கண்ட புருஷன் நான்" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. எருசலேம் இடிந்து கிடக்கிறது, பிள்ளைகள் பசியில் தெருவில் சோர்ந்து விழுகிறார்கள். அந்த அழுகைக்கு நடுவில் நின்றுகொண்டுதான் ஒருவன் இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்கிறான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பவும் அழுகிறான். எனக்கு அது பிடித்திருந்தது. அழுகை எல்லாம் ஓய்ந்த பிறகு சொன்ன வசனமாக இருந்தால் எனக்கு உதவியிருக்காது. இப்போது விடியற்காலையில் அரிசி அளக்கும்போது இன்றைய ஒரு நாளுக்கு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டிப்போவில் அன்றன்று வசூலை அன்றன்றே கட்டி ஷீட்டை முடித்துவிடுகிற மாதிரி.

சாட்சி சொல்ல மேடைக்கு வரச் சொல்லி ஒரு கூட்டத்தார் கூப்பிட்டார்கள். மறுத்துவிட்டேன். மேடையில் அற்புதத்தைக் கேட்பார்கள். நான் எதைச் சொல்ல, கோழி விரட்டினேன் என்றா? ராத்திரிகள் இப்போதும் சில நேரம் மோசம்தான். மாத்திரை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஈஸ்டர் அன்று இருட்டோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, அவளைத் திரும்பப் பார்ப்பேன் என்று நம்புகிறேன். எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஐயரிடம் கேளுங்கள்.

மாதக் கடைசியில் இப்போது சாக்குத் தூக்குவது நான். பெண்கள் சங்கத்தில் ஆண்களுக்கு இடமில்லை, சாக்குத் தூக்க மட்டும் உண்டு. நோட்டும் என் கையில்தான். வீடு வீடாகப் போனால்தான் ஊர் தெரிகிறது. கதவைத் திறக்க எத்தனை நேரம் ஆகிறது, அடுப்படியில் சாம்பலாவது இருக்கிறதா, கட்டிலிலிருந்து எழுந்தவர் உடுப்பு மாற்றி எத்தனை நாள் ஆயிற்று, இதெல்லாம் அரிசி அளக்கிற நேரத்தில் கண்ணில் பட்டுவிடும். ஒரு பாட்டி சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்கி ஒரே டப்பாவில் கொட்டி, நிறம் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டுமே வெள்ளை. நர்ஸ் வேலை பார்க்கிற பெண் ஒருத்தியைக் கூட்டி வந்து பிரித்து வைத்தோம்.

தெற்குத் தெருவில் பனையிலிருந்து விழுந்து இடுப்புப் போன ஒரு பெரியவர் இருக்கிறார். சுடலைமாடனைக் கும்பிடுகிறவர். அவரிடம் நாங்கள் அரிசி கேட்பதில்லை, வாசலில் நின்று பேசிவிட்டு வருவோம். ஒருநாள் அவரே பிடித்துக்கொண்டார்: "எல்லார்ட்டயும் கேக்கிய, எங்கிட்ட மட்டும் ஏன் கேக்க மாட்டேங்கிய?" அன்றிலிருந்து மாதம் ஒரு வட்டு கருப்பட்டி தருகிறார். நோட்டில் கருப்பட்டிக்குத் தனிப் பத்தி போட்டிருக்கிறேன். எங்கள் அசனப் பண்டிகைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும்போது நாற்காலியோடு தூக்கி வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவோம். உப்பு பார்ப்பது அவர்தான். ஊரில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தி அது, உப்பு பார்க்க ஒரு பொது ஆள் இருப்பது நல்லதுதானே.

1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மேலே சொன்ன அசரியா எழுந்து நின்று பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளையெல்லாம் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். வெள்ளைக்கார மிஷனரிமாரைப் பார்த்துச் சொன்னது. அப்போது பலருக்கு முகம் சுண்டிப்போயிற்றாம். மாதா மாதம் பணம் அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்றிருக்கும் பிள்ளைகளையும், ஆளுக்கொரு போர்வை கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்கிற சங்கங்களையும் பார்த்தும் அதையே சொல்லலாம்.

சபை நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். கன்வென்ஷன் பந்தலுக்கும் புது ஸ்பீக்கருக்கும் ஆகிற செலவைப் பற்றி நான் பேசவில்லை, பேசினால் சபைத் தேர்தல் அரசியலாகிவிடும். தனியாக இருக்கிறவர்களின் பெயர்ப் பட்டியலை அரிசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். காசு செலவில்லை. கைப்பிடி அரிசி வழக்கம் நின்றுபோன டவுன் சபைகளில், அரிசிக்குப் பதில் பணத்தைக் கவரில் போட்டு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் போட்டுவிடுகிறார்கள். கணக்குக்கு அது சரிதான். வாசலுக்கு ஆள் வருவது நின்றுவிட்டது.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை 14567-ஐப் போடும்போது பக்கத்திலேயே இதையும் போடுங்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் சரி, தனியாக இருக்கிறவரைப் பார்க்கப் போகிறவர் பழம் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். பாதிப் பேருக்குச் சர்க்கரை. ஏதாவது வேலை கொண்டு போங்கள். தேங்காய் உரிக்க, புளி கொட்டை எடுக்க, பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க. உங்களால் முடியுமா என்று கேட்க வேண்டாம். எந்தக் கிழமை வந்து வாங்கிக்கொள்வீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள், அந்தக் கிழமை தவறாமல் போங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர்,
சாத்தான்குளம் வட்டாரம்.