செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: நமது மாலை வகுப்பு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் பற்றிக் கொடுத்த மனுக்களின் நிலவரம் பலகையில் ஒட்டியிருக்கிறது. பொங்கல் விளையாட்டு விழா வழக்கம்போல நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குள்ள நேரத்தை, பள்ளிப் பிள்ளைகளுக்கு நம் சங்கம் நடத்தும் மாலை வகுப்பைப் பற்றிப் பேசவே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் செய்த வேலைகளில் அதுதான் பெரிது என்று நினைக்கிறேன்.

நம் பகுதி லைன் வீடுகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்தவர்கள். அப்பா டெய்லர், அம்மா செக்கிங் என்று இருவரும் போனால்தான் வாடகை போகக் கையில் ஏதாவது நிற்கும். ஆர்டர் அனுப்ப வேண்டிய வாரத்தில் வீடு வந்து சேர இரவு ஒன்பது மணியாகும். பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆசை இருந்தும் நேரம் இருப்பதில்லை.

அப்படி ஒரு வீட்டிலிருந்து ஜூலையில் நம் வகுப்புக்கு வந்தவன்தான் நான் சொல்லப்போகும் மூன்றாம் வகுப்புப் பையன். “மண்டையில எதுவுமே ஏற மாட்டேங்குது சார், ரெண்டு அடி போட்டாவது சொல்லிக்குடுங்க” என்று சொல்லி அவன் அம்மா விட்டுவிட்டுப் போனார். அதற்கு முன் ஒரு டியூஷனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கேள்வி பதிலைப் பத்துத் தடவை எழுத வைத்திருக்கிறார்கள். அவனும் அச்சுப் பிசகாமல் பார்த்து எழுதியிருக்கிறான்.

நம் வகுப்பில் முதல் நாள் பாடத்தை எடுத்து வாசிக்கச் சொன்னபோது கடகடவென்று வாசித்தான். பிறகு ஏன் பரீட்சைத் தாள் வெறுமையாக இருக்கிறது என்று எல்லோருக்கும் குழப்பம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவிதான் கண்டுபிடித்தார். பையனின் வாய் நாலாவது வரியில் இருக்க, விரல் இரண்டாவது வரியிலேயே நின்றது. பள்ளியில் மற்றவர்கள் சொல்வதைக் காதால் கேட்டே முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறான். இப்படிப்பட்ட பிள்ளையைத்தான் மந்தம் என்று சொல்லி வந்திருக்கிறார்கள்.

அதே பாடத்திலிருந்து ‘கொடி’ என்ற சொல்லை மட்டும் சிலேட்டில் எழுதிக் காட்டியதும் “கெ… கா… டி” என்று தடுமாறினான். யோசித்துப் பார்த்தால் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. தமிழில் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாகப் பார்க்கிற பிள்ளை கண்ணுக்குப் பட்ட வரிசையிலேயே சொல்கிறான். உயிர்மெய் 216 எழுத்தையும் தனித்தனியாக உருப்போட வைத்தால் எந்தக் குழந்தையும் களைத்துப் போகும்.

அவன் எங்கே விட்டுப்போனான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஊர் போடி பக்கம். பெற்றோர் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறி இறங்கியதில் முதல் வகுப்பு துண்டு துண்டாகப் போயிருக்கிறது. இரண்டாம் வகுப்பின் நடுவில் திருப்பூர் வந்திருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதனால் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எழுத்து கூட்டிப் படிக்கக் கற்கிற மாதங்கள் அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

அவனுடைய வகுப்பாசிரியையைப் போய்ப் பார்த்தோம். அரசுப் பள்ளிகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லித்தருகிறார்கள், இவன் முதல் நிலையான அரும்பில் இருக்கிறான் என்றார். பள்ளியில் அரும்பு, மாலையில் நம்மிடம் மூன்றாம் வகுப்புப் புத்தகம் என்று இரண்டு பக்கமும் இழுப்பதில் பயனில்லை. அன்றிலிருந்து இங்கேயும் அதே நிலையிலிருந்து ஆரம்பித்தோம். புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கிறான் என்று நாங்கள் சொன்னதும் ஆசிரியை கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார், கண்ணாடியும் வந்தது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் வந்து பார்த்தார். டிஸ்லெக்சியாவா, அதாவது வாசிப்பதைச் சிரமமாக்கும் கற்றல் குறைபாடா என்று நாம் முடிவு கட்டக் கூடாது, சில மாதம் முறையாகச் சொல்லிக்கொடுத்தும் நகரவில்லையென்றால் மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்றார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேவைப்பட்டால் உதவி பெற வழி உண்டு.

சொல்லிக்கொடுத்த முறை எளிதுதான். முதலில் எழுத்தே கிடையாது. சொல்லைக் காதால் கேட்டுக் கை தட்டிப் பிரிப்பது. பிறகு ஓர் எழுத்து அட்டையை நடுவில் வைத்து, கொம்பு, கால் அட்டைகளை அவனே இருபுறமும் நகர்த்தி வைத்து ஒலியைச் சொல்வது. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. அதன் பிறகு அந்தக் கல்லூரி மாணவி அவனைப் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போய்ப் பலகைகளைப் படிக்க வைத்தார். ‘பல்லடம்’ உடனே வந்தது. ‘பெருமாநல்லூர்’ வந்தபோது கொம்பைப் பார்த்து நின்று, அடுத்த எழுத்தைப் பார்த்து, “பெ” என்று சரியாகத் தொடங்கி முடித்தான். மனப்பாடம் செய்ய முடியாத ஒரு சொல்லை அவன் தானாகப் படித்தது அன்றுதான்.

இப்போது மொட்டு நிலைக்கு வந்திருக்கிறான். சின்ன வாக்கியங்களை விரல் வைத்துப் படிக்கிறான். ல, ள இன்னும் குழம்புகிறது. கடன் வாங்கிக் கழிப்பதும் பாக்கி இருக்கிறது. காலை உணவுத் திட்டம் இருப்பதால் அம்மா கம்பெனிக்குக் கிளம்பும் நேரத்திலேயே பள்ளிக்குப் போய்விடுகிறான், லீவு போடுவது குறைந்திருக்கிறது. வீட்டில் அடிப்பதை நிறுத்திவிட்டதாக அவன் அப்பா ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும் வழியில் நின்று சொன்னார். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

வரும் ஆண்டுக்குப் பொதுக்குழு மூன்று விஷயங்களுக்கு ஒப்புதல் தர வேண்டுகிறேன். வகுப்புக்கு வரும் எந்தப் பிள்ளைக்கும், என்ன படிக்கிறான் என்று கேட்பதற்கு முன் எதுவரை படிக்கத் தெரிகிறது என்று பார்ப்பது. வகுப்பில் யாரும் கை ஓங்கக் கூடாது என்பதை விதியாக எழுதி வைப்பது. லைன் வீடுகளின் உரிமையாளர்கள், ஆண்டின் நடுவில் பிள்ளைகளோடு புதிதாகக் குடிவருவோரைப் பற்றி அந்த வாரமே சங்கத்துக்குச் சொல்வது. கற்றுக்கொடுக்க ஆளும் போதவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் ஓய்வாக இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்