ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். சென்ற வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்று கேள்விப்பட்டுச் சென்றபோது, அதன் தாய் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தரும் உப்பு-குளுக்கோஸ் பொடி) பொட்டலத்தை முழுவதுமாக ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார். "கெட்டியா குடுத்தா சீக்கிரம் நிக்கும்ல, நர்ஸம்மா?" என்றார். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்துக் கடையில் யாரும் அவருக்கு அளவைச் சொல்லவில்லை.

பேதியில் உயிரைப் பறிப்பது உடலிலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். குடலில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து உறிஞ்சப்படும்போது தண்ணீரும் உடன் செல்கிறது. கடும் பேதியிலும் இந்த வழி அடைபடுவதில்லை என்பதே இம்மருந்தின் அடிப்படை. ஆனால் கரைசல் கெட்டியானால், அது உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டுவதோடு, ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரவும் காரணமாகலாம்.

1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலநாபிஸ் இக்கரைசலைக் கொடுத்து, சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். அங்கே நோயாளிகளுக்குப் புகட்டியவர்கள் பயிற்சியற்ற உறவினர்களே. ஆனால் உப்பையும் குளுக்கோசையும் அளந்து கலந்தவர்கள் மருத்துவக் குழுவினர். இன்று அந்த அளக்கும் வேலை நம் அடுப்படிக்கு வந்துவிட்டது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுமார் 21 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. சுமார் 4 கிராம் பொட்டலம் 200 மில்லி லிட்டருக்கானது. இரண்டும் ஒரே கடையில் கிடைக்கின்றன. அளவோ பொடி எழுத்தில் இருக்கிறது. கொதித்து ஆறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பழச்சாறு போல அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா.

தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. ஆறு மாதம் கடந்த குழந்தைகளுக்குத் தினமும் 20 மில்லி கிராம் துத்தநாகம், பேதி நின்ற பிறகும் விடாமல், 10 முதல் 14 நாட்கள் தர வேண்டும். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாத்திரை உறையில் காலை, இரவு என்று குறித்துத் தரும் மருந்துக் கடைக்காரர்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் மேலும் "ஒரு லிட்டர்" அல்லது "ஒரு டம்ளர், 200 மி.லி." என்று பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.