கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹங்கேரியின் அப்போதைய ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் யோசெஃப் சாயர், 2020இல் பிரஸ்ஸல்ஸில் கொரோனா கட்டுப்பாட்டை மீறி ஓரின ஈர்ப்புள்ள ஆண்கள் கூடிய விருந்தில் சிக்கியதும் பதவி விலகினார். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டுமே என்று சொல்லும் அந்நாட்டு அரசியல் சட்டத்தை வரைந்தவர்களில் அவரும் ஒருவர். அமெரிக்காவில் ஓரினத் திருமணத்தை எதிர்த்த போதகர் டெட் ஹாகர்டும் 2006இல் ஆண் ஒருவருடனான தொடர்பு அம்பலமாகிப் பதவியிழந்தார். அவர்கள் ஆணை விரும்பியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தங்களைப் போன்றவர்களுக்கே கதவடைத்தார்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நம் கொங்குப் பகுதியிலும் மேடைக்கு மேடை குடும்ப மானம், கலாசாரம் என்று முழங்குகிறார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பையன், தனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று வாய்திறப்பானா? தயங்கித் தயங்கிச் சொன்னாலும், "ஒரு கண்ணாலத்தப் பண்ணி வெச்சா எல்லாஞ் செரியாப் போயிருங்க" என்று ஜாதகத்தோடு கிளம்பிவிடுகிறோம். சீர்வரிசையோடு வந்த பெண் என்ன பாவம் செய்தாள்? காரணம் தெரியாமலே, "இன்னும் விசேஷம் இல்லையா" என்ற கேள்விக்கு விருந்துக்கு விருந்து அவள்தான் தலைகுனிகிறாள். அவனுக்கும் அது வாழ்நாள் சிறை.

மனமொத்த வயதுவந்தோரின் ஓரின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் புரிந்துகொள்ள உளவியல் நிபுணரிடம் தானே போய் அமர்ந்தார்; ஓரின ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்கும் தடை விதித்தார். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களும் சொற்பொழிவாற்றுகிறவர்களும் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துவிட்டு மேடையேறட்டும்.

ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்.