ராகிங்குக்கு மரபு என்று பெயர் வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளின் அணிவகுப்பு பேண்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சீருடை, தொப்பி இறகு, அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் இடைவேளைக் காட்சி எல்லாமே கண்முன் வந்தன. ஆனால் இரண்டு விஷயங்களை ஏற்க முடியவில்லை. இந்த மரபுகள் ஆரம்பத்திலிருந்து துளியும் மாறாமல் வருகின்றன என்று எழுதியிருந்தது தகவல் பிழை. புதிதாகச் சேருபவர்களைச் சீனியர்கள் 'பக்குவப்படுத்துவதை'யும், அதாவது ராகிங்கையும், மரபுகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது அதைவிடப் பெரிய பிழை.

கட்டுரையில் அதிக இடம் பிடித்த ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக பேண்டையே பார்ப்போம். 1878-ல் ராணுவப் பயிற்சி மாணவர்களுக்காகக் குழலும் முரசுமாகத் தொடங்கியது அது. 1934-ல் கிளாரினெட், புல்லாங்குழல் போன்ற மரக்காற்றுக் கருவிகளை எடுத்துவிட்டுப் பித்தளைக் கருவிகளும் தாளக் கருவிகளும் மட்டும் போதும் என்று முடிவு செய்தார்கள். 1936-ல்தான், நடந்துகொண்டே மைதானத்தில் 'ஓஹையோ' என்று ஆங்கிலக் கூட்டெழுத்தில் எழுதும் அணிவகுப்பு வந்தது.

அந்தச் சொல்லின் மூன்றாவது எழுத்தான 'ஐ'க்குப் புள்ளி வைப்பது சூசஃபோன் என்ற பெரிய பித்தளைக் குழலை வாசிக்கும் கலைஞர் என்பது இன்று ஊரறிந்த விஷயம். முதலில் புள்ளி வைத்தவர் சூசஃபோன்காரர் இல்லை, டிரம்பெட் போன்ற சிறிய கருவியான கார்னெட்டை வாசித்த ஒரு மாணவர்! அடுத்த ஆண்டுதான் அந்த இடம் சூசஃபோனுக்குப் போனது. 1938-ல் ஒரு போட்டியில், பேண்டை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர் சூசஃபோன்காரரை அழைத்துக்கொண்டு சில தாள அளவு முன்னதாகவே 'ஐ' எழுத்தின் உச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டார். இசை இன்னும் மிச்சம் இருக்கிறது. சும்மா நிற்க முடியுமா? சூசஃபோன் மாணவர் காலை உயர வீசி உதைத்தார், சுழன்று திரும்பினார், இடுப்பு வளைய ஒரு வணக்கம் போட்டார். மிச்சமிருந்த இசையை நிரப்ப அந்த நேரத்தில் தோன்றியதைச் செய்தார், அவ்வளவுதான். அதுவே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் டிரம் மேஜரின் உள்ளங்கையில் தட்டிவிட்டு, அந்தப் பெரிய கருவியைத் தோளில் சுமந்தபடி வீறுநடை போட்டுப் போய்ப் புள்ளியாக நிற்கிறார்கள். தொப்பியைக் கழற்றி அரங்கின் இரு பக்கமும் குனிந்து வணங்குகிறார்கள். அந்த வாய்ப்பு மூத்த மாணவர்களுக்கே கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் வியர்வை சிந்திய பிறகு வருவதால், அந்தச் சில நொடிகளுக்கு அவ்வளவு மதிப்பு. பேண்டுக்கு வெளியிலிருந்து அந்தக் கௌரவம் பெற்றவர்கள் மிகச் சிலரே. நடிகர் பாப் ஹோப், விண்வெளி வீரர் ஜான் கிளென் அவர்களில் அடக்கம்.

இதே பேண்டில் 1973 வரை பெண்களுக்கு இடமில்லை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டம் 1972-ல் வந்தது, அடுத்த ஆண்டு கதவு திறந்தது. பிறகு பெண்களும் புள்ளி வைத்தார்கள். மாறவே மாறாது என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அது நடந்திருக்குமா?

சரி, இப்போது என்னை உண்மையிலேயே வருத்திய பகுதிக்கு வருகிறேன்.

ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் 'மார்ச்சிங் ஹண்ட்ரட்' சாதாரண பேண்ட் இல்லை. 1946-ல் பொறுப்பேற்ற வில்லியம் ஃபாஸ்டர் அதை வளர்த்தெடுத்தார். முழங்காலை உயரத் தூக்கி நடப்பதும், வாசித்துக்கொண்டே நடனமாடுவதும் அவர்கள் வழி. கறுப்பின மாணவர்களுக்காக உருவான கல்லூரிகளின் பேண்டுகளுக்கே அந்தப் பாணி அடையாளமாகிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டான 1989-ல் பாரிஸ் அணிவகுப்பில் அமெரிக்காவின் சார்பில் நடந்தவர்கள் இவர்கள்தான். அப்படிப்பட்ட பேண்டில் 2011 நவம்பரில், ஒரு போட்டி முடிந்த இரவு, நிறுத்தி வைத்திருந்த பேருந்துக்குள் டிரம் மேஜர் ஒருவர் சக மாணவர்களால் அடித்துக் கொல்லப்பட்டார். இருக்கைகளுக்கு நடுவே முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும், இரு பக்கமும் நிற்பவர்கள் அடிப்பார்கள். அதற்குப் பெயர் 'சடங்கு'. மாணவர்கள் மீது வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. பேண்ட் நிறுத்தி வைக்கப்பட்டு 2013-ல்தான் திரும்பி வந்தது. போன உயிர் வரவில்லை.

இந்தக் கொடுமையையும் புள்ளி வைப்பதையும் ஒரே பட்டியலில் எப்படிச் சேர்த்தார் உங்கள் கட்டுரையாளர்? கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓஹையோ பேண்டிலேயே மாற்று ஆட்டக்காரர்போலக் காத்திருக்கும் மாணவர்கள், அணியில் இருப்பவருக்குச் சவால் விட்டு வாசித்து, நடந்து காட்டி அவர் இடத்தைப் பிடிக்கலாம். கடுமையான ஏற்பாடுதான். இடத்தை இழப்பவருக்கு அழுகையே வரும். ஆனால் அது எல்லோர் கண்முன்னும் நடக்கிறது, திறமையை அளக்கிறது, தோற்றவர் மறுபடி முயன்று பார்க்கலாம். பேருந்தின் ஜன்னலை மூடிக்கொண்டு அடிப்பதில் அளக்க என்ன இருக்கிறது? வெளியே சொன்னால் துரோகி என்பார்கள் என்ற பயத்தில்தான் அது நிலைக்கிறது. பேண்டில் சேர ஆசைப்படும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று உங்கள் இதழைப் படித்து, 'இதையும் தாங்கித்தான் ஆகணும் போல' என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கவலையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கறுப்பினக் கல்லூரி பேண்டுகளுக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அமெரிக்கக் கால்பந்தின் பெரிய இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் முதன்முதலில் 1967-ல் நடந்தபோது, அதன் இடைவேளையில் வாசித்த பேண்டுகளில் கிராம்பிளிங் கல்லூரியுடையதும் ஒன்று. போட்டி முடிந்த பிறகும் ரசிகர்கள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்க, இரு கல்லூரி பேண்டுகளும் மாறி மாறி வாசித்து மோதும் 'ஐந்தாவது கால்பகுதி'யைப் பற்றி மட்டுமே தனிக் கட்டுரை எழுதலாம். அதையும் வெளியிடுங்கள். ராகிங் பற்றிய அந்தப் பத்திக்கு ஒரு திருத்தத்தை அடுத்த இதழிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்