பழைய இன்ஜின் சாமானை அளந்து பார்த்து வாங்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யமஹா ஆர்.எக்ஸ். 100 டூ-ஸ்ட்ரோக் பைக்கின் தயாரிப்பு 1996-இல் நின்றுபோனது. அந்த வண்டியை இன்றும் ஓட்டுகிறவர்கள் இன்ஜின் சாமானுக்குச் சென்னைப் புதுப்பேட்டை, கோவை உக்கடம் போன்ற இடங்களைத்தான் நம்பியிருக்கிறார்கள். அங்கே நல்ல சாமானும் உண்டு. மாட்டிய ஒரு வாரத்தில் பிஸ்டனைப் பிடிக்க வைக்கும் (சிலிண்டருக்குள் இறுகி நிற்க வைக்கும்) சாமானும் உண்டு. டீசலில் கழுவி வயர் பிரஷ் போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அளந்தால் மட்டுமே வித்தியாசம் புலப்படும். அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

பிஸ்டன் ஓடும் சிலிண்டரான பிளாக்கில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கம்பெனி போர், அதாவது உள்விட்டம், 50 மி.மீ. கால் மில்லி, கால் மில்லியாக 51 மி.மீ. வரை ரீபோர் செய்யலாம், அதாவது உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தலாம். பிஸ்டன் தலையில் 25, 50, 75, 100 என்று அடித்திருப்பது இந்தக் கணக்குதான். நாலாவது போரும் தேய்ந்த பிளாக் என்றால் உள் உறையான ஸ்லீவை மாற்ற வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். வெர்னியர் இதற்குப் போதாது. அது வாய்ப்பகுதியை மட்டும் அளக்கும். ரிங் ஏறாத அந்த இடத்தில் தேய்மானம் இருக்காது. உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், புது ரிங் மட்டும் போட்டுச் சமாளிக்க முடியாது, ரீபோர்தான். ரீபோருக்குப் பிறகு போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரிலுள்ள துவாரங்களின்) விளிம்புகளை லேசாக மழுக்கும்படி லேத் பட்டறையில் சொல்லிவிடுங்கள். கூர்மையாக விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும்.

சைலன்சர் போர்ட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கிரைண்டர் தடம் தட்டுப்பட்டால் ரேஸுக்காக உயர்த்திய போர்ட். ஊருக்குள் ஓட்டும்போது இழுவையும் மைலேஜும் போய்விடும். வெட்டிய உலோகத்தைத் திரும்ப வைக்கவும் முடியாது. ஆர்.எக்ஸ். 135 பிளாக்கை இதற்கும் ஆகும் என்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் போர் 58 மி.மீ. 98 சிசி என்று ஆர்.சி.யில் இருக்கும் வண்டி 132 சிசி ஆகிவிடும்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கை வாங்கும்போது கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. அதைப் பார்த்து நல்ல கிராங்கை ஒதுக்கிவிட வேண்டாம். வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் சுற்றும்போது 0.03 மி.மீ.க்கு மேல் ஓட்டம் (மையம் விலகிச் சுற்றுவது) காட்டினால் சென்டர் பார்த்து நேராக்கித்தான் மாட்ட வேண்டும். மேக்னட் பக்கத்துச் சாவிக் காடி (மேக்னட்டை நகராமல் பிடிக்கும் கீயின் பள்ளம்) அகன்றிருந்தால் தீப்பொறி விழும் நேரமான டைமிங் நிற்காது.

ஆயில் சீல், பேரிங், ரிங், கேஸ்கட் இவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம். மேக்னட் பக்கத்து சீல் காற்றை உள்ளே விட்டால் பெட்ரோல் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் பிடிக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகக் கக்கும். முழு இன்ஜினாக வாங்குகிறவர்கள் இன்ஜினுக்குத் தானாகவே ஆயில் கொடுக்கும் ஆயில் பம்ப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைக் கழற்றி மூடிய இன்ஜினுக்குப் பெட்ரோலிலேயே 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலக்க வேண்டும். தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில கிலோமீட்டர் கூடத் தாங்காது.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது கிராங்க் இருக்கும் கூடான கிராங்க் கேஸ், ஏனென்றால் இன்ஜின் எண் அதில்தான் இருக்கிறது. எண் தேய்க்கப்பட்டதோ, மறுபடி அடித்ததோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம். திருட்டு வண்டியின் கேஸ் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சம்ஹிதா 317-ஆம் பிரிவின்படி வாங்கியவரும் குற்றவாளியே. நேர்மையாகக் கிடைத்த கேஸாக இருந்தாலும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் எண்ணை மாற்ற வேண்டும். பில் இல்லாமல் அங்கே போய் நிற்பது வீண்.

ஆகவே பழைய சாமான் வியாபாரிகளின் சங்கங்களுக்கு இரண்டு கோரிக்கைகள். பிளாக்கையும் கிராங்கையும் முன்பணம் வாங்கிக்கொண்டு லேத் பட்டறைக்குக் கொடுத்தனுப்புங்கள். அளவு சரியில்லை என்றால் அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க் கேஸ் விற்றால் அதன் எண்ணையும், எந்தப் பதிவெண் வண்டியிலிருந்து பிரித்தது என்பதையும் பில்லில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய இருசக்கர வாகனப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
சென்னை